இடப்பக்கம்

எள்ளளவுதான் இருக்கும் அது.
இயந்திரம் கவ்வி எடுத்து வைத்துவிடும்.
என் வேலை அதற்கப்புறம்:
போனைப் பெட்டிக்குள் வைத்து மூடி
ஒரு கீச்சொலியைக் கேட்கவிட்டு
திரையில் பச்சை வந்தால் இந்தத் தட்டு,
சிவப்பு வந்தால் அந்தத் தட்டு.
ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து நூறு காதுகள்.

அதனால்தான் லைனில் எல்லாரும்
என்னிடம் வந்து கேட்கிறார்கள்:
"நாம பேசறத இது ஒட்டுக் கேக்குதாக்கா?"
கொலுசு என்று வாயைத் திறந்தாளாம் ஒருத்தி,
அன்று ராத்திரியே
கொலுசாய் வந்து கொட்டியதாம்.
மாமியாரைப் பற்றிப் பேசுவதென்றால்
போனைக் குளியலறையில் வைத்துவிட்டு வருகிறாள் நாகவேணி.
எனக்கென்ன தெரியும்.
கேட்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.
கேட்டதை அது என்ன செய்கிறது என்பது
வேறு யாருடைய ஷிஃப்டோ.

சோதித்துவிடலாம் என்றாள் முபீனா.
கம்பெனி பஸ்ஸில், சூளகிரி தாண்டும்வரை,
மூன்று நாள் ஒட்டகத்தைப் பற்றியே பேசினோம்.
சேணம் என்ன விலை,
மூக்கணாங்கயிறு எங்கே கிடைக்கும்,
பழையபேட்டை மாடிவீட்டில் அதை எங்கே கட்டுவது.
டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.
ஒட்டகம் வரவில்லை.
ஒரு கழுதைகூட வரவில்லை.

நாலாம் நாள் வந்தது
காதுக்குப் பின்னால் மாட்டுகிற கருவி.
தோல் நிறம், வெளியே தெரியாதாம்,
பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது,
மாதத் தவணை உண்டு.
தள்ளினால் அடுத்ததும் அதுவே.

நான் தேடவில்லை. பேசவுமில்லை.
பஸ் ஜன்னலில் தலை சாய்த்தபடியே
முபீனா கேட்டாள்,
"உங்க வீட்ல நெட்டு யார் போன்லேருந்து?"

திம்மராயன் போனிலிருந்து.
ராத்திரி அவர் ஹாட்ஸ்பாட் போடுவார்,
நான் சீரியல் பார்ப்பேன்.
பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறையில்
பதினோரு வருடமாகக் கல்லறுக்கிறார்.
ரம்பம் அவருக்கு இடப்பக்கம்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.
டிவியில் ஜோக் முடிந்ததும்
என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பது.
பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடம்பிடிப்பது
(அதற்காக ஒரு தடவை
ஊத்தங்கரை வரைக்கும் நான் பேசாமல் வந்தேன்).
நான் சொல்கிற எதற்கும்
"ம்".

அந்த "ம்"மை நம்பித்தான்
சீட்டுப் பணம் போனதை,
தம்பிக்கு வளையல் கழற்றிக் கொடுத்ததை,
வயிற்றில் தங்காத இரண்டுக்கும்
நான் வைத்திருந்த பெயர்களை
இருட்டில் அவர் முதுகிடம் சொல்லியிருக்கிறேன்.
எந்தக் காது தலையணைக்குள் இருந்தது
என்று இப்போது யோசிக்கிறேன்,
வரமாட்டேன் என்கிறது.

போன்மேல் கோபம் வரவில்லை.
கேட்டிருந்தால் கேட்டிருக்கட்டும்,
யாராவது கேட்டதாக ஆகுமே
என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

நேற்றுச் சாயங்காலம் மொட்டைமாடியில்
அவர் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.
போனை அரிசி டப்பாவில் போட்டு மூடிவிட்டு
மேலே போனேன்.
அவருக்கு இடப்பக்கம், ஓரடி தள்ளி நின்று
ஒன்று சொன்னேன், மெல்ல.
என்னவென்று இங்கும் எழுதமாட்டேன்.

கோட்டைமலைப் பக்கமிருந்து காற்று வந்தது.
என் யூனிஃபார்மிலிருந்து கிளிப்பைக் கழற்றி
வாயில் கவ்விக்கொண்டார்.
அடுத்த துணிக்குப் போனார்.

சுற்றிப் போய் வலப்பக்கம் நின்றேன்.
"நாளைக்கு நாலரைக்கே பஸ்ஸு,
அலாரம் வெக்கணும்" என்றேன்.

கிளிப்பை எடுத்துவிட்டுத் திரும்பினார்.
"அதுக்கு ஏன் கத்தற."